ஜிம்மா, பாடாங்கா, வீட்டு வாசலா? தோட்டப்புற ஊரில் உடற்பயிற்சிக்கு இடம் பார்க்கும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பெரிய ஜிம்மில் ஓராண்டுக்குச் சேர்ந்தேன். நல்ல இடம்தான். முதல் மாதம் வாரத்துக்கு மூன்று நாள் போனேன், இரண்டாம் மாதம் இரண்டு நாள். மூன்றாம் மாதம் மழைக்காலம் பிடித்ததும் போவதே நின்றுவிட்டது. பணம் மட்டும் மாதாமாதம் வங்கியிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

என் சோம்பல்தான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். போக 40 நிமிடம், வர 40 நிமிடம். வாரம் மூன்று முறை என்றால் 240 நிமிடம் சடக்கிலேயே கழிகிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு வாரத்துக்குச் சொல்லும் மிதமான உடற்பயிற்சியே 150 முதல் 300 நிமிடம்தான். உடம்பை அசைக்க வேண்டிய நேரத்தை மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தே தீர்த்திருக்கிறேன்.

உடற்பயிற்சியைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி, வீட்டுக்குக் கீழேயே ஜிம் இருக்கிற நகரத்துக்காரர்களுக்கானது. நம் ஊர்கள் வேறு மாதிரி. சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரு கடைத்தெரு, அதைச் சுற்றித் தாமான்கள் என்னும் வீடமைப்புப் பகுதிகள், பாடாங் என்னும் ஒரு பொதுத் திடல், ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. கடை வீட்டின் மாடியில் ஒரு சின்ன ஜிம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இப்படிப்பட்ட ஊரில் இருப்பவர் எங்கே பயிற்சி செய்வது என்று எப்படி முடிவெடுக்கலாம் என்பதை, நான் தட்டுத் தடுமாறிக் கற்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அம்மா. இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம், அப்புறம் நிரை நிரையாக ஐந்நூறு மரத்துக்கு மேல், பிறகு பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வரை நடை. தோட்டம் கைமாறியதும் தாமானுக்கு வந்தோம். நடை நின்றது, சோற்றின் அளவு நிற்கவில்லை. சில ஆண்டுகளில் சர்க்கரை வந்துவிட்டது. 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நாடு முழுமைக்கும் அந்த விகிதம் 18.3 விழுக்காடு. நம் வீடுகளில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் சீனி போடாத தேநீர் கேட்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் படி: கிளினிக்

இடத்தைத் தேடுமுன் உடம்பைக் காட்டிவிட்டு வாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, இடுப்புச் சுற்றளவு, இந்த நான்கும் போதும். ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்பளவில் நமக்கான எல்லை. அதைத் தாண்டியிருந்தால் எடை சரியாக இருப்பதுபோல் தெரிந்தாலும் கவனம் வேண்டும்.

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வருகிறது என்றால் மருத்துவர் பார்க்கும்வரை எதையும் தொடங்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தம் 180க்கு 110ஐத் தொட்டால் அதே பதில்தான். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிக்லசைட் வகை மாத்திரையோ எடுப்பவர் பயிற்சிக்கு முன் விரலில் குத்திப் பார்ப்பது நல்லது. 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் கொஞ்சம் பிஸ்கட்டோ பழமோ சாப்பிட்ட பிறகு தொடங்குங்கள். பையில் எப்போதும் இனிப்பு இருக்கட்டும். மெட்பார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. சர்க்கரைக்காரர் யாராக இருந்தாலும் சிலிப்பரோடு நடக்கப் போகாதீர்கள். மூடிய காலணி, காலுறை, வீடு திரும்பியதும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது, இந்த மூன்றையும் ஒரு நாளும் விடாதீர்கள்.

இரண்டாம் படி: உங்களுக்குக் குறைவது மூச்சா, பலமா

இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற படி. பலரும் இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேரே ஜிம் கட்டணத்தை விசாரிக்கப் போகிறார்கள். உடம்புக்கு இரண்டு வகை வேலை தேவை. ஒன்று இதயத்தையும் நுரையீரலையும் ஓட்டுவது: வேக நடை, சைக்கிள், நீச்சல், பந்து. இன்னொன்று தசைக்கு எடை கொடுப்பது. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்தில் இரண்டு நாளாவது இரண்டாவதையும் செய்யச் சொல்கிறது. நம் ஆட்களுக்கு இது தெரிவதே இல்லை. "தினமும் நடக்கிறேனே" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். முப்பது வயதுக்கு மேல் தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைத்துக்கொள்வதே தசைதான். அது சுருங்கினால் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது.

மூச்சைச் சோதிக்க, வேகமாகப் பத்து நிமிடம் நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். மெதுவாக நடக்கும்போதே இளைத்து நின்றுவிட்டால் முதலில் உங்களுக்கு வேண்டியது நடைதான்.

பலத்தைச் சோதிக்கக் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி. சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் ஆண் 14க்கும் பெண் 12க்கும் குறைவாக எழுந்தால் அது சராசரிக்குக் கீழே. அம்மா முதல் முறை 9 எழுந்தார். தினமும் சாயங்காலம் கோயிலைச் சுற்றி நடக்கிறவர் அவர், ஆனாலும் 9தான். அன்றைக்குத்தான் நடை மட்டும் போதாது என்பது எனக்கு உறைத்தது.

மூச்சு குறைவு என்றால் ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஊரெல்லாம் உங்களுக்கு ஓட்டப் பாதைதான். பலம் குறைவு என்றால் ஜிம்மைப் பற்றி யோசிக்க நியாயம் உண்டு. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவது அங்கே சுலபம், வீட்டில் ஓர் அளவுக்கு மேல் கடினம்.

மூன்றாம் படி: பத்து நிமிட வட்டம்

ஒரு தாளின் நடுவே உங்கள் வீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசலிலிருந்து பத்து நிமிடத்தில் என்னென்ன இடங்களை எட்டலாம் என்று எழுதுங்கள். நடந்தோ, மோட்டாரிலோ, நீங்கள் வழக்கமாகப் போகிற விதத்தில். அதற்கு வெளியே இருக்கும் எதுவும் மழை நாளிலும் அலுத்த நாளிலும் உங்களைக் கைவிட்டுவிடும். என் ஈப்போ ஜிம் அப்படித்தான் போனது.

என் வட்டத்தில் வந்தவை இவை. சுற்றிலும் நடக்கத் தோதான பாடாங். தாமானின் விளையாட்டுத் திடலில் ஊராட்சி வைத்த இரும்புப் பயிற்சிச் சாதனங்கள். அவற்றில் பாதி துருப்பிடித்தவை, ஆனால் தொங்குவதற்கான கம்பி உறுதியாக இருந்தது. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பூப்பந்துக் கூடம். கோயிலைச் சுற்றிய பாதை. கடைத்தெருவில் ஒரு மாடி ஜிம். எங்கள் வீட்டு முன்கூடம். சிலம்பமோ கபடியோ நடக்கிற ஊராக இருந்தால் அதையும் சேருங்கள். ஒரு மணி நேரச் சிலம்பம் தோளையும் இடுப்பையும் எந்த இயந்திரத்துக்கும் குறையாமல் வேலை வாங்கும். பிள்ளைகளைச் சேர்க்கிறபோது பெற்றோர் ஓரத்தில் உட்காராமல் கூடவே கம்பெடுக்கலாம் என்பது என் ஆசை.

தோட்டத்துப் பாதைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்பில், ஹீவுட் என்று தோட்டத்தின் பெயர் சொன்னாலே பிறந்த லயத்து வரிசை வீடு ஞாபகம் வருகிறவர்களுக்கு அந்த மண் பாதையில் நடக்க மனசு இழுக்கும். எனக்கும் இழுக்கும். ஆனால் அது இப்போது கம்பெனி நிலம், கேட்டில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். செம்பனைக்குள் எலி அதிகம், எலியைத் தேடி நாகம் வரும். மருந்து தெளிக்கிற நாளில் கிட்டப் போகவே கூடாது. வெளிச்சம் வந்த பிறகு, அகலமான லோரிப் பாதையில், துணையோடு என்றால் போகலாம்.

நான்காம் படி: பணமும் மணியும்

ஜிம் கட்டணத்தை மாதத்துக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். மாதம் 80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று நாள் போனால் ஒரு தடவைக்கு ஏழு வெள்ளிக்குள். மாதத்தில் இரண்டே நாள் போனால் தடவைக்கு 40 வெள்ளி. பெட்ரோலையும், வழியில் நிறுத்திக் குடிக்கிற தே தாரிக்கையும் இதோடு கூட்டுங்கள். அப்புறம் நேரம். பயிற்சி ஒரு மணி, பயணம் ஒன்றரை மணி என்று வந்தால் அந்த இடம் உங்களுக்கு ஆகாது. என் அளவுகோல் இதுதான்: போகவர ஆகும் நேரம் பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

வருமான வரி கட்டுகிறவருக்கு ஒரு செய்தி. 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் விளையாட்டுச் செலவுக்கென்று தனியாக 1,000 வெள்ளி வரை கழிவு உண்டு. ஜிம் உறுப்பினர் கட்டணம், விளையாட்டுச் சாதனம், கூட வாடகை எல்லாம் அதில் அடங்கும். காலணியும் உடையும் அடங்காது. ரசீதை எடுத்து வையுங்கள்.

ஐந்தாம் படி: பணம் கட்டுமுன் நான்கு வாரம்

எந்த ஜிம்மில் சேர நினைத்தாலும், அதற்கு முன் நான்கு வாரம் செலவில்லாமல் செய்து பாருங்கள். ஜிம்முக்குப் போவதாக இருக்கும் அதே நாளில், அதே மணிக்கு. செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் ஆறு மணி என்று முடிவு செய்திருந்தால் அந்த நேரத்தில் பாடாங்கிலோ முன்கூடத்திலோ நில்லுங்கள். பன்னிரண்டு நாளில் ஒன்பது நாளாவது நின்றீர்களா என்று நாட்காட்டியில் குறியுங்கள். நின்றிருந்தால் அந்த நேரம் உங்களுடையது. இனி இடத்தை மாற்றினாலும் ஓடும். நிற்க முடியவில்லையா? ஜிம்மில் சேர்ந்தாலும் அதே தடைதான் குறுக்கே வரும். ஓவர்டைம், பிள்ளையின் டியூஷன், தொழிற்சாலை பஸ் வரும் நேரம், எது தடுத்தது என்று எழுதி, முதலில் மணியை மாற்றுங்கள்.

நான்கு வாரமும் வீட்டில் என்ன செய்வது? பொருள் எல்லாம் சமையலறையிலேயே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து. அது சுலபமாகிவிட்டால் மேசை விளிம்பில், பிறகு தரையில். 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது பத்து. பழக்கமானதும் 10 கிலோப் பை. எண்ணெய் டப்பாவை ஒரு கையில் தொங்கவிட்டு, இன்னொரு கையை மேசையில் ஊன்றி, முழங்கையைப் பின்னால் இழுப்பது ஒவ்வொரு கைக்கும் பத்து. வாசல் படியில் ஏறி இறங்குவது இரண்டு நிமிடம். இதெல்லாம் சேர்ந்து ஒரு சுற்று, ஒரு நாளைக்கு மூன்று சுற்று. தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், எழும்போது விடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மற்ற நாட்களில் நடை. சாப்பிட்டவுடன் உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுகிற வேகம் குறையும். அம்மாவின் குளுக்கோமீட்டரில் நானே பார்த்தேன்.

நான்கு வாரத்துக்குப் பிறகு 10 கிலோப் பை லேசாகத் தெரிகிறதா? அப்போதுதான் உங்களுக்கு ஜிம் உண்மையிலேயே தேவைப்படத் தொடங்குகிறது.

ஆறாம் படி: ஜிம்மைப் பார்க்கப் போவது

நீங்கள் பயிற்சி செய்யப்போகும் அதே மணிக்குப் போய்ப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்குக் காலியாக இருக்கும் இடத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு வரிசை நிற்கலாம். ஒரு நாள் கட்டணம் கட்டி உள்ளே போய்ச் செய்து பார்ப்பதுதான் நல்ல வழி.

பளபளப்பான ஓட்ட இயந்திரங்களைப் பார்த்து மயங்காதீர்கள். நடை உங்களுக்குப் பாடாங்கிலேயே இருக்கிறது. கைஎடைகள் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக இருக்கின்றனவா, கம்பியில் எடை கோத்துக் குந்தி எழுவதற்குத் தடுப்புச் சட்டம் இருக்கிறதா, காற்றோட்டம் எப்படி, கழிவறை சுத்தமா, இதையெல்லாம் பாருங்கள். பயிற்சியாளரிடம் "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது" என்று சொல்லுங்கள். அவர் மேலும் கேள்வி கேட்டால் நல்ல அறிகுறி. உடனே ஒரு பொட்டலத்தையோ மாத்திரையையோ எடுத்து நீட்டினால் கிளம்பிவிடுங்கள். மாத்திரை வடிவில் விற்கப்படும் எந்த ஊட்டப்பொருளிலும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இல்லையென்றால் வாயில் போடக்கூடாது.

ஒப்பந்தத்தில் நான் ஏமாந்ததால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மாதாமாதம் கட்டுகிற முறை கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் முதல் மூன்று மாதம் அதையே எடுங்கள். ஷிஃப்ட் மாறினால், உடம்புக்கு முடியாமல் போனால் இடைநிறுத்தி வைக்கலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வங்கிக் கழிவுக்குக் கையெழுத்துப் போடுமுன் அதை எப்படி நிறுத்துவது என்றும் கேளுங்கள். ஓராண்டு ஒப்பந்தத்தை நடுவில் விட நேர்ந்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட எதிர்காலச் சேவை ஒப்பந்தங்களை ரத்து செய்ய வழி கொடுக்கிறது. பேச்சு முடியாவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. இது எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

யாருக்கு எது

செம்பனை வெட்டுகிற அண்ணன்மாருக்கு ஜிம் வேண்டியதில்லை. ஒரு குலையே 10 முதல் 25 கிலோ வரை இருக்கும், அதை நாள் முழுக்கத் தூக்குகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இடுப்பையும் தோளையும் தளர்த்துவது, வேலைக்குமுன் ஐந்து நிமிட உடற்சூடு, நல்ல தூக்கம், நிறையத் தண்ணீர். ஆனால் மண்டோர் வேலைக்கோ லோரி ஓட்டவோ மாறியவர்கள் தங்களை இன்னும் உழைப்பாளி உடம்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அந்த நாற்காலிச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும்.

பெண்களுக்கு இடத் தேர்வில் முதல் கேள்வி, அங்கே நிம்மதியாக இருக்க முடியுமா என்பது. பாடாங்கில் பையன்கள் கூட்டம், ஜிம்மில் ஆண்கள் மட்டும் என்றால் எந்தத் தங்கைக்கும் கால் தயங்கும். பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கும் ஜிம்மா என்று கேளுங்கள். இல்லையென்றால் நான்கைந்து பேர் சேர்ந்து, காலை பதினொரு மணிபோல் காலியாக இருக்கும் நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். சின்ன ஊரில் உரிமையாளரும் தெரிந்தவர்தானே, பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். எங்கள் தாமானில் ஐந்து அக்காமார் ஒருவர் வீட்டு முன்கூடத்தில் செவ்வாயும் வெள்ளியும் கூடுகிறார்கள். ஒருத்தி வராவிட்டால் மற்றவர் கதவைத் தட்டுகிறார்கள். எந்த ஜிம் கட்டணமும் இப்படிக் கதவைத் தட்டாது.

ஷிஃப்ட் வேலைக்காரருக்கு நேரம் தாறுமாறாக மாறுவதால் வீடே முதல் இடம். இரவு ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் கனமான எடையைத் தூக்க வேண்டாம், தூங்கி எழுந்த பிறகு பார்க்கலாம். வயதானவர்களுக்குப் பலத்தோடு தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும். 65க்கு மேல் வாரம் மூன்று நாள். கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நிற்பதிலிருந்து தொடங்கலாம்.

வெயில், மழை, புகை

வெளியே பயிற்சி என்று முடிவு செய்தவர் ஒரு மாற்று இடத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். நம் பக்கம் ஏழு மணி வாக்கில்தான் நன்றாக விடிகிறது. அதற்குமுன் சடக்கோரம் நடப்பவர் வெளிர்நிறச் சட்டையும் சின்ன விளக்கும் இல்லாமல் போகாதீர்கள். காலை ஒன்பதுக்கு மேல் வெயிலில் வேகநடை வேண்டாம். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பரில் மதியத்துக்குமேல் இடிமழை அடிக்கடி வரும். இடி கேட்டால் பாடாங்கை விட்டு வந்துவிடுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற காற்று. அன்றைக்குச் சன்னலைச் சாத்திவிட்டு முன்கூடத்தில் அரிசிப் பையோடு இருங்கள். அந்தி நேரத்தில் ஏடிஸ் கொசு கடிக்கும், கைகால் மூடிய உடை நல்லது.

கடைசிப் படி: மூன்று மாதம் கழித்து

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று மாதத்தில் அதே நாற்காலி, அதே பத்து நிமிட நடை, அதே இடுப்பு நாடா. எண் மாறியிருந்தால் அங்கேயே இருங்கள். மாறவில்லை, ஆனால் நாள் தவறாமல் போனீர்கள் என்றால் எடையோ வேகமோ கூட்ட வேண்டும். போகவே இல்லை என்றால் வட்டத்தைத் திரும்ப வரைந்து, இன்னும் கிட்டத்தில் தேடுங்கள்.

நான் இப்போது கடைத்தெரு மாடி ஜிம்முக்குச் செவ்வாயும் சனியும் போகிறேன், மற்ற நாள் பாடாங். வீட்டிலிருந்து மோட்டாரில் ஆறு நிமிடம். அம்மா ஜிம்முக்கு வரவில்லை. "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம், அரிசிப் பை இருக்கே" என்கிறார். கோயில் நடையை விடவில்லை, அதோடு வாரம் மூன்று நாள் நாற்காலி. போன மாதம் 30 வினாடியில் 13 முறை எழுந்தார். உட்கார்ந்ததும் இன்னொரு தடவை எண்ணச் சொன்னார்.